மூன்றாம் தரம் என்றேன்

இலங்கையில் எஹலியகொட பக்கத்தில், ரப்பரும் தேயிலையும் உள்ள தோட்டமொன்றில் நாற்பது வருடம் ரப்பர் ஷீட் தரம் பிரித்தவன் நான். ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் குமிழும் கறையும் தெரிந்துவிடும்.

தோட்டத்துப் பங்களாவில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர், விமானத்திலிருந்து குதிக்கத் தான் பயன்படுத்திய பாரசூட்டை அங்கே ஆள் வந்தால் மட்டும் சமைத்து, மற்ற நாளில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை விற்று மகளுக்குத் தையல் மெஷின் வாங்க நினைத்த அவள் என்னிடம் கொண்டுவந்தாள்.

“என்னா வெல போகுங்கையா?”

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துணியை வெயிலில் பிடித்தேன். இரண்டு ஒட்டுகள் தெரிந்தன. கயிறுகளைத் தொட்டும் பார்க்கவில்லை.

“மூணாம் தரம், தங்கச்சி. யாரும் வாங்கமாட்டாங்க. படங்குக்கு வெட்டிக்க.”

கொழுந்து பறிக்கும் பெண்கள் உடை நனையாமல் இடுப்பில் கட்டிக்கொள்வதுதான் படங்கு.

“வானத்துல பறந்தது, கடைசியில எங்க இடுப்புக்கா!” என்று சிரித்தாள். அன்றே வெட்டிவிட்டாள்.

அடுத்த மாதம் அவள் கைபேசிக்கு அந்த வெள்ளைக்காரரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. வாசிக்கச் சொல்லி நீட்டினாள். கயிறுகள் புதியவை, ஒட்டுகள் முறையாகப் போட்டவை, அதிகம் பயன்படுத்தாத பாரசூட், நல்ல விலை போகும், விற்றாயிற்றா என்று அவர் கேட்டிருந்தார்.

“சொகமான்னு கேக்குறாரு,” என்றேன்.

“நல்ல மனுசன். படங்கு மழைக்கு நல்லா தாங்குதுன்னு எழுதுங்கையா.”

நல்ல விலைக்குப் போனது, நன்றி என்று எழுதி அனுப்பினேன். அவள் மகள் இன்னும் கையால்தான் தைக்கிறாள்.