உயிரோடு இருப்பவனுக்கு ஒரு நிமிட அகவணக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒஸ்லோவில், ரொம்சோஸ் பக்கம் ஒரு மண்டபத்தில், உயிரோடு இருக்கிற ஒரு மனிதனுக்கு எண்பது பேர் எழுந்து நின்று ஒரு நிமிட அகவணக்கம் செலுத்தினோம்.

அந்த மனிதனும் எங்களோடு எழுந்து, தலை குனிந்து, தனக்குத் தானே செலுத்தினான்.

சிரிக்காதீர்கள். குற்றவாளி நான்தான்.

நான் ஒரு நாவல் எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி? இந்தப் பத்தியில் ஆறு வாரமாக அதைப் பற்றியே எழுதி உங்கள் உயிரை வாங்கினேனே! வடநோர்வேயில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். அங்கே ஒரு உயர்தரப் பள்ளிக்கூடம். அதன் உதைபந்தாட்ட அணி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவன் அந்த அணியில் சேர்கிறான். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துடன் நடக்கும் வருடாந்த மட்ச்சில், கடைசி நிமிடத்தில், இடது காலால் கோல் அடிக்கிறான். ஊரே அவனைத் தோளில் தூக்குகிறது. அதே வாரம் அவனுடைய நண்பன், கோல் கீப்பர் ஆர்னே, படகு கவிழ்ந்து கடலில் இறந்துபோகிறான்.

அந்தப் பெடியன் யார்? முன்னுரையில் நானே எழுதியிருக்கிறேன் — ‘இதில் ஒவ்வொரு வரியும் நான் வாழ்ந்தது.’

சரி... எதை வாழ்ந்தேன்? ஊர் உண்மை. பள்ளிக்கூடம் உண்மை. மட்ச் உண்மை. ஆர்னேயும் உண்மை; பெயரைக்கூட மாற்றவில்லை, அவ்வளவு சோம்பல். கோலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் ஆர்னே சாகவில்லை. நூற்றெண்பது பக்கம் தாண்டியும் ஒருவரும் சாகாவிட்டால் நம்மவர்கள் அதை நாவல் என்று ஒத்துக்கொள்வார்களா? யாரையாவது கொல்ல வேண்டியிருந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாத ஆளாகப் பார்த்துக் கொன்றேன்.

வெளியீட்டு விழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்னர் சிவபாலன் அண்ணை போன் எடுத்தார். எங்கள் வாசகர் வட்டத்தின் தலைவர். விழாவுக்கும் அவரே தலைவர். புத்தகத்தை முழுதாக வாசித்துவிட்டு வெளியீட்டுக்குத் தலைமை தாங்கும் அபூர்வப் பிறவி.

“தம்பி, அழுதுபோட்டன். அந்த ஆர்னே... உண்மையா நடந்ததே?”

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆர்னே சாகவில்லை என்றால் அண்ணையின் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? ‘அப்ப அந்தக் கோல்?’

நான் “ம்ம்...” என்றேன். கொஞ்சம் சோகமாகவே என்றேன்.

அந்த ‘ம்ம்’ இரண்டு நாளில் நிகழ்ச்சி நிரலில் அச்சாகி வந்தது. மங்கல விளக்கேற்றல். அமரர் ஆர்னே அவர்களுக்கு அகவணக்கம். வரவேற்புரை. நம்முடைய ஒன்றுகூடல் எதுவென்றாலும் இழந்தவர்களை நினைத்து ஒரு நிமிடம் நிற்காமல் தொடங்குவதில்லை அல்லவா? அண்ணை அந்த நிமிடத்தில் ஆர்னேயையும் சேர்த்துவிட்டார். நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். போனைக் கையில் எடுத்தேன். கீழே வைத்தேன். ஆர்னே இருப்பது ஒஸ்லோவிலிருந்து விமானத்தில் போக வேண்டிய தூரம். யாருக்கு என்ன நட்டம்?

இங்கேதான் என் மகள் நிலா வருகிறாள். இருபத்திரண்டு வயது, இங்கே பிறந்தவள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி என் நாவலில் நாற்பதாம் பக்கத்துக்கு வந்திருந்தாள். ஆர்னே சாவதற்கு இன்னும் நூற்றைம்பது பக்கம் இருந்தது. நாவலின் அட்டையில் எங்கள் அணியின் பழைய படம். அதில் நடுவில் பந்தோடு நிற்கிற ஆர்னேயை இணையத்தில் தேடி, கண்டுபிடித்து, ‘அப்பா உங்களைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருக்கிறார், வெளியீட்டுக்கு வாருங்கள்’ என்று எழுதியிருக்கிறாள்.

அவனும் வந்துவிட்டான்!

ஞாயிறு காலை, “அப்பா, உங்களுக்கு ஒரு ஓவர்ரஸ்கெல்சே இருக்கு. இப்ப சொல்லமாட்டன்,” என்றாள் கண் நிறையச் சிரிப்போடு. எதிர்பாராத பரிசு என்றால் பூங்கொத்து என்று நினைத்தேன்.

மண்டபத்து வாசலில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், அட்டைப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய ஆர்னேயின் முகம். தோள் வரை தலைமுடி. கழுத்தில் சந்தன மாலை. நான் மேடையில் பொன்னாடையோடு இருந்தேன். கீழே ஒரு மொட்டைத்தலை நோர்வேஜியர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று போனில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். யாரோ நகரசபைக்காரர் என்று நினைத்தேன். தன் படத்துக்கு மாலை போட்டுக் கௌரவித்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்தானாம்; நிலாவும் அப்படித்தான் நினைத்தாளாம்.

“எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ,” என்றார் சிவபாலன் அண்ணை.

எழும்பினோம். ஒரு நிமிடம் நீளமானது. நான் இடையில் கண்ணைத் திறந்தேன். முன்வரிசையில் நிலாவுக்குப் பக்கத்தில் அந்த மொட்டைத்தலை மனிதர் நின்றார். காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, இரண்டு கைகளும் உடம்பிலிருந்து சற்று விலகி... பெனால்டிக்குக் காத்திருப்பவர்போல. அப்படி அகவணக்கம் செலுத்துகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும்.

என் பொன்னாடைக்குள் வேர்த்துக் கொட்டியது.

பிறகு மூன்று விமர்சன உரைகள். மூன்றாவதாகப் பேசியவர் கார்த்திக். கோயம்புத்தூர்க்காரர், இங்கே கம்ப்யூட்டர் வேலை. “அந்தக் கோல் சீன் இருக்கே... படிக்கும்போது சோஃபால இருந்து எந்திரிச்சுக் கத்திட்டேன்! சாரோட அந்த லெஃப்ட் ஃபுட்! அனுபவிக்காம இப்படி எழுதவே முடியாதுங்க!” என்றார். கைதட்டல். எனக்கு இடது காலால் செருப்புப் போடவே கஷ்டம்.

நிலா ஆர்னேயின் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். படகு கவிழ்ந்த கட்டம் வந்தபோது அவள் பாதியில் நின்று என்னைப் பார்த்தாள். ஆர்னே ‘சொல்லு’ என்று தட்டினான். அவள் சொன்னாள். அவன் வாசலில் இருந்த மாலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தான். எனக்கு உயிர் வந்தது.

அடுத்து அவள் கோலைச் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசகர்களே, இனி உண்மையான கோல்.

நான் அந்த ஊருக்குப் போய் ஏழு மாதம். மொழி தெரியாத காலத்தில் எதைக் கேட்டாலும் ‘யா’ என்பேன். உதைபந்து விளையாடுவாயா என்றார்கள். யா. யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரி அணிக்கு நான் தண்ணீர் வாளி தூக்கியவன். அணிக்குப் பன்னிரண்டு பேர்தான் கிடைத்தார்கள், பன்னிரண்டாவது நான். மட்ச் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கியது. அவனுக்குப் பதிலாக என்னை இறக்கிவிட்டார்கள். எதிரே இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பந்து என் காலடியில். பயத்தில், நிமிர்ந்து பார்க்காமல், பின்னால் கீப்பருக்குத் தட்டிவிட்டேன். கீப்பர் அங்கே இல்லை. சரளைக்கல் போட்ட கிறவல் மைதானம், காற்று வேறு. பந்து அவசரமே இல்லாமல் உருண்டு எங்கள் கோலுக்குள் போனது. ஒன்றுக்குப் பூச்சியம். தோற்றோம்.

ஊர் முழுக்க அங்கே நின்றது. அப்போது ஆர்னே கையைத் தூக்கி எல்லோருக்கும் கேட்கக் கத்தினான் — “என்ரை பிழை! நான்தான் பந்தைக் கேட்டனான்!”

அவன் கேட்கவில்லை. அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. “அந்தக் கோலை நான் அடிக்கேல்லை... அதாவது, எங்கடை கோலுக்குள்ளைதான் அடிச்சனான்,” என்றேன். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. சிவபாலன் அண்ணை பக்கத்து மைக்கில், “தன்னடக்கம்! இதுதான் எழுத்தாளன்ரை தன்னடக்கம்!” என்றார்.

பாருங்கள் — முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக உண்மை சொல்கிறேன், அதற்கும் பாராட்டு!

வேறு வழியில்லை. முன்வரிசையைப் பார்த்து நோர்வேஜியனில் சொன்னேன். ஆர்னே, நீ பந்தைக் கேட்கவில்லை. பிழை என்னுடையது. ஊரே உன்னைத் திட்டியபோது நான் வாய் திறக்கவில்லை. புத்தகம் எழுதியபோதும் திறக்கவில்லை. உன்னைக் கொன்றும் போட்டேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பின்வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருந்த இளசுகள்தான் முதலில் நிமிர்ந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த தாய் தகப்பனுக்குச் சொல்ல, அவர்கள் தங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்குச் சொல்ல, செய்தி வரிசை வரிசையாக மேடைக்கு வந்து சேர்ந்தது.

“தம்பி... அப்ப அமரர் இவரே?” என்றார் அண்ணை.

மனிதர் பதறிப்போனார். ஓடிப்போய்ப் படத்திலிருந்த சந்தன மாலையைக் கழற்றி ஆர்னேயின் கழுத்தில் போட்டுவிட்டார். இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு அக்கா எழும்பினார்.

“ஐயோ, செத்தவருக்குப் போட்ட மாலையை உயிரோடை இருக்கிற மனுசனுக்குப் போடலாமே!”

“அவர் சாகேல்லையே, அக்கா!”

“அப்ப ஏன் நிண்டு கும்பிட வைச்சனீங்கள்?”

எண்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

தேநீர் வேளையில் நிலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு வடை கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள்; அதைப் பெரிய மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். ஆர்னே மாலையோடேயே மூன்றாவது வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏன் அன்று அப்படிக் கத்தினாய் என்று கேட்டேன். அவன் நோர்வேஜியனில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

“நீ வந்து ஏழு மாசம். நான் அந்த ஊரிலை பிறந்தவன். என்னை என்ன செய்யப் போயினம்?”

“என்ன செய்தவை?”

“ஒண்டுமில்லை. கடைக்குப் பாண் வாங்கப் போனால், ‘பார்த்து, கையிலையிருந்து விழப் போகுது’ எண்டுவினம். இப்பவும்தான்.” வடையைக் கீழே வைத்தான். “நான் பந்தைக் கேட்கேல்லை எண்டு வேறை ஒரு ஆள் சொல்லி இண்டைக்குத்தான் காதாலை கேட்டனான்.”

மன்னிப்புக் கேட்டேன். முப்பத்தைந்து வருடம் பிந்திய மன்னிப்புக்கு எந்த மொழியிலும் நல்ல சொல் இல்லை. அவன் எண்ணெய்க் கையால் என் பொன்னாடையில் தட்டினான்.

“எழுதினதை விடு. உன்ரை புத்தகத்திலையாவது நாங்கள் வெண்டுபோட்டம். அடுத்த பதிப்பிலை என்னை மட்டும் உயிரோடை விட்டிடு. கோலை வேணுமெண்டால் நீயே வைச்சிரு.”

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். ஆனால் முதல் பதிப்பு அப்படியே விற்காமல் பெட்டி பெட்டியாக லோறென்ஸ்கூக்கில் உள்ள என் வீட்டுக் கராஜில் கிடக்கிறது, வாசகர்களே. இனி அந்த மனிதன் உயிர் பிழைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது!