வாயோரத்துப் புண்

2001-ம் ஆண்டு. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வேலைக்குப் போன புதிது. புனே பக்கத்தில் சாகண் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர்.

அங்கே கேன்டீனில் சாதம் பரிமாறியவருக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் 'காகா' என்றுதான் கூப்பிடுவோம்; மராத்தியில் சித்தப்பா. ஒரு நாள் அவர் வாயின் இரண்டு ஓரமும் வெடித்துப் புண்ணாகியிருந்ததைப் பார்த்தேன். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று நானே முடிவு கட்டி, கேன்டீன் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் காகா அங்கே இல்லை. பின்பக்கம் பாத்திரம் கழுவப் போட்டுவிட்டார்களாம். நல்ல காரியம் செய்த நினைப்பில் நான் சாப்பிட்டேன்.

நான்கைந்து மாதம் கழித்து எனக்கும் வாயோரம் வெடித்தது. நாக்கு சிவந்து எரிந்தது. ஷிஃப்ட் மாறி மாறி வந்ததில் கேன்டீன் பக்கமே போகாமல், டீயும், பன்னுக்குள் வடை வைத்துத் தரும் வடா பாவுமாக ஓட்டிக்கொண்டிருந்த நேரம் அது. காகாவிடமிருந்துதான் ஒட்டியிருக்கும் என்று எரிச்சலோடு டாக்டரிடம் போனேன்.

அவர் என் நாக்கைப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார்.

"பி2 குறைச்சல். ரிபோஃப்ளேவின்னு சொல்வோம். பால், முட்டை, கீரை எதுவும் இல்லாம இருந்தா இப்படி ஆகும். யார்கிட்டேருந்தும் ஒட்டலை" என்றார்.

மாத்திரையிலும் பாலிலும் பத்து நாளில் ஆறிவிட்டது. அப்புறம்தான் பின்பக்கம் போய் காகாவைப் பார்த்தேன். அவர் புண் அப்படியே இருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சுவதைத்தான் என்றார். அனேகமாக வெறும் சோறும் பருப்புத் தண்ணியும். தயிரும் கீரையும் அதற்குள் தீர்ந்துவிடும்.

புகார் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும் சாப்" என்றார், தட்டைத் தேய்த்தபடியே.

அவரையும் அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவருக்கும் அதே குறைதான். கொஞ்ச நாளில் ஆறியது. மேனேஜரிடம் பேசி, மறுபடி பரிமாறும் வேலைக்கு ஏற்பாடு செய்தேன். காகா வரவில்லை.

"இங்கேயே இருக்கேன் சாப். இங்கே யாரும் என் மூஞ்சியைப் பார்க்கறதில்லை" என்றார். குரலில் கோபம் இல்லை.

எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்போம். தினமும் எனக்குச் சோறு போட்டவரிடம் அதை ஒரு நாளும் கேட்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.