மச்சாளின் வோட்டு

என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், கனடியக் குடியுரிமை எடுத்த பிறகு வந்த முதல் மாநகரசபைத் தேர்தல் அது. குப்பை அள்ளுவதற்கும் பனி வழிப்பதற்கும் ஆள் பிடிக்கிற விஷயம் என்றுதான் எனக்கு நினைப்பு. மச்சாளோ காலையிலேயே பட்டுச்சேலை உடுத்து, காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோயிலுக்கோ மச்சாள் போறம்?" என்று கேட்டேன். முறைத்தார்.

சேலைக்குக் காரணம் இருந்தது. ஊரில் கடைசியாக வாக்களிக்கப் போனபோது, "உங்கட வோட்டு காலமையே விழுந்திட்டுது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். யாரோ அவர் பெயரில் கள்ள வோட்டுப் போட்டிருந்தார்கள். கடல் தாண்டி வந்தும் அந்தக் கோபம் ஆறவில்லை.

வாக்குச்சாவடி, எங்கள் பகுதியான மோர்னிங்சைட்டில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம். ஊரில் போலத் துவக்கோடு காவல் நிற்க ஆமிக்காரர் ஒருவரும் இல்லை. நகரபிதாவாக ஆசைப்பட்டவர்களின் பெயர்கள் சீட்டு முழுக்க நிரம்பிக் கிடந்தன. இத்தனை பேருக்குமா இந்த ஆசை என்று எனக்குச் சிரிப்பு. என்னுடையதைச் சட்டென்று போட்டுவிட்டு மச்சாளுக்காகக் காத்து நின்றேன். அவர் அவசரமில்லாமல் ஆறுதலாக வந்து, சீட்டை வாக்கு எண்ணும் மெஷினுக்குள் விட்டார். அது ஒரு சத்தம் போட்டுச் சீட்டைத் திருப்பித் தள்ளியது.

மச்சாளின் முகம் செத்துப்போயிற்று. "பாத்தியே? இஞ்சயும் என்ர வோட்டு இல்லையாம்."

நகரபிதாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் குறித்திருக்கிறார் என்று அங்கு நின்ற நரைமுடிப் பெண் அதிகாரி விளக்கினார்.

"எத்தினை பேருக்குப் போட்டனீங்கள்?" என்று மச்சாளிடம் கேட்டேன்.

"மூண்டு பேருக்கு. விருப்பு வாக்கு மூண்டெல்லே?"

ஊர்த் தேர்தலில் ஒரு கட்சிக்கு வாக்குப் போட்டு, அதற்குள் விருப்பமான மூன்று பேரைக் குறிக்கலாம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்துவிட்டார். சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அவர் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நின்றதைக் கண்டதும் அடக்கிக்கொண்டேன்.

"கவலைப்படாதீர்கள், இது எல்லோருக்கும் நடப்பதுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்ன அந்த அம்மா, பழைய சீட்டைச் செல்லாதென்று ஒதுக்கி, புதிய சீட்டொன்றை மச்சாளிடம் நீட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் மலைத்துப்போனேன். ஒரு மனுசியின் ஒரேயொரு வோட்டுக்காக ஒரு மண்டபமே பொறுத்து நின்றது. இத்தனை வருஷம் இதையா குப்பை விஷயம் என்று நினைத்திருந்தேன்!

இரண்டாம் முறை மெஷின் சத்தமில்லாமல் சீட்டை எடுத்துக்கொண்டது. மச்சாள் நகரவில்லை. ஊரில் போல மை பூசுவார்கள் என்று சின்னவிரலை நீட்டியபடி நின்றார்.

"இஞ்ச மை பூசிறேல்லை மச்சாள், வாங்கோ."

காரில் ஏறிய பிறகும் அந்த வெறும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் வெல்வார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆரும் வெல்லட்டும்" என்றார். "என்ர வோட்டை நான்தான் போட்டனான்."