இரண்டாவது வட்டம்

என் நாட்குறிப்புகள் ஆண்டு வரிசைப்படி ஓர் அலமாரியில் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால், எந்த வரிசையிலும் சேராமல் ஒரு கொப்பி நிற்கிறது. நீல மட்டை, கட்டம் போட்ட தாள். நாங்கள் டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் இருந்தபோது, எனக்குப் பத்து வயதில், அப்பா தந்தது. தொலைபேசி அடிக்கும் நேரத்தை எழுதி வைப்பதுதான் அதன் வேலை.

அப்பாவும் நானும் முதலில் டென்மார்க் வந்துவிட்டோம். அம்மாவும் இரண்டு வயதுத் தம்பியும் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி விசாவுக்காகக் காத்திருந்தார்கள். மனுப் போட்டு ஒரு வருடம் கடந்தும் பதில் இல்லை. குடும்பத்தைக் கூப்பிடக் கேட்ட தமிழர்களின் மனுக்களை அரசே வேண்டுமென்று நிறுத்தி வைத்திருந்தது என்பது பின்னர் நாடே பேசிய வழக்காயிற்று. அப்பாவோ அப்போது கடிதம் தபாலில் தவறியிருக்கும் என்றே நம்பினார். அதனால் தபால்பெட்டியில் எங்கள் பெயரை இன்னும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்.

கொழும்பிலிருந்து தொலைபேசியில் கதைப்பது லேசான காரியமல்ல; எடுக்காத அழைப்புக்கோ காசு இல்லை. ஆகவே இருவரும் கடிதத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் அம்மா எங்கள் எண்ணுக்கு அடித்து, மூன்று முறை ஒலித்ததும் வைத்துவிடுவார். நாங்கள் எடுக்கக் கூடாது. ஒருதரம் அடித்தால் சுகமாக இருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டாம் தரமும் அடித்தால் அப்பா உடனே லொட்ஜுக்குத் திருப்பி அடிக்க வேண்டும். அதன் பிறகு லொட்ஜ் மனேஜர் கால்மணி நேரம்தான் அம்மாவைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிற்க விடுவார்.

அப்பாவுக்குப் பின்னலாடை ஆலையில் இரவு வேலை. சனி பகலில் தூங்குவார். ஒவ்வொரு அழைப்புக்கும் கொப்பியில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதி, இரண்டு வட்டம் ஆனால் மட்டும் அவரை எழுப்புவது என் பொறுப்பு. அதுவரை ஒருநாளும் இரண்டு வட்டம் ஆனதில்லை.

அந்த ஆடி மாதச் சனிக்கிழமை அப்பா படுக்கப் போகுமுன் இரண்டு முறை திரும்பி வந்தார். ஏஜென்சிக்காரர் ஒருவர் வேறொரு நாடு வழியாக அம்மாவையும் தம்பியையும் அனுப்பிவைக்க இரண்டு இடம் பிடித்து வைத்திருந்தார். அன்று லொட்ஜுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பாவின் வாயால் சம்மதம் கேட்காமல் அவர் கூட்டிப்போக மாட்டார்.

"ரெண்டு தரம் அடிச்சால் தண்ணி ஊத்தியாவது எழுப்பு, பிள்ளை."

"ஓம் அப்பா."

"உந்தப் பந்தடியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிப் போடாதை."

பந்தடி என்று அவர் சொன்னது லண்டன் புல்தரை டென்னிஸின் பெண்கள் இறுதியாட்டத்தை. எங்கள் நேரம் மூன்று மணிக்குத் தொடங்கியது. புள்ளி எழுதும் முறையைப் பள்ளி ஆசிரியை சொல்லித் தந்திருந்தார். வேறு கொப்பி கைவசம் இல்லாததால் தொலைபேசிக் கொப்பியிலேயே, அதே பக்கத்தில், பென்சிலால் எழுதினேன்.

ஆடிய இருவரில் மூத்தவள் முன்பே பட்டம் வென்றவள். இளையவள் முதல்முறை இறுதிக்கு வந்தவள். நான் இளையவளின் பக்கம். சரியாகச் சொன்னால், அவளுடைய அம்மாவின் பக்கம். பார்வையாளர் வரிசையில் இருந்த அந்தப் பெண் ஒரு கைக்குட்டையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். கமெரா அவரிடம் போகும்போதெல்லாம் நான் தொலைக்காட்சிக்கு ஓர் அடி கிட்டப் போனேன்.

மூன்று முப்பத்தெட்டுக்குத் தொலைபேசி அடித்து நின்றது. வட்டம் போட்டேன். இளையவள் ஐந்துக்கு நான்கு என்று முன்னால் நின்றாள். இந்த கேமை வென்றால் முதல் செட் அவளுக்கு.

மூன்று நாற்பத்திரண்டுக்கு மறுபடியும் அடித்தது. இரண்டாவது வட்டத்தையும் போட்டேன். எழுந்தும் நின்றேன். அப்போது திரையில் இளையவளுக்கு ஒரே ஒரு புள்ளி தேவைப்பட்டது. அவளுடைய அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் கண் திறப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

புள்ளி தவறியது. சமநிலை. மீண்டும் ஒரு புள்ளி, மீண்டும் சமநிலை. ஏழு தரம் அப்படி நடந்தது. மூன்று ஐம்பதுக்கு இளையவள் அந்த கேமைத் தோற்றாள். அம்மாவின் கால்மணி நேரத்தில் அப்போதும் ஏழு நிமிடம் மிச்சம் இருந்தது. ஆனால் இப்போது எழுப்பினால் ஏன் பிந்தியது என்று கேட்பாரே. என்ன சொல்வது என்று யோசிக்க அடுத்த கேமையும் பார்த்தேன். நான்கு மணியானதும் அழிறப்பரை எடுத்து இரண்டாவது வட்டத்தையும் அதன் நேரத்தையும் அழித்தேன்.

ஐந்து மணிக்கு அப்பா எழுந்து வந்தார்.

"எத்தினை?"

"ஒண்டு."

"அப்ப அவன் வரேல்லைப்போல," என்றபடி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். மூத்தவள் வென்றிருந்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட விடுபடவில்லை.

அந்த இரண்டு இடமும் வேறு யாருக்கோ போயின. ஏன் எடுக்கவில்லை என்று கடிதத்தில்கூடக் கேட்காமல் அம்மா தம்பியோடு யாழ்ப்பாணம் திரும்பினார். பிறகு போரில் பாதை மூடியது. மூன்று வருடமும் இரண்டு மாதமும் கழித்துத்தான் இருவரும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் தம்பி அப்பாவை "மாமா" என்று கூப்பிட்டான். அப்பா சிரித்துவிட்டு, தள்ளுவண்டியை எங்களுக்கு முன்னால் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த வாரமே சாப்பாட்டு மேசையில் அந்தக் கதை வந்தது.

"அண்டைக்கு நான் ரெண்டு தரம் அடிச்சனான்," என்றார் அம்மா. "நீங்கள் எடுக்கேல்லை. நாங்கள் வாறது உங்களுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் ஊருக்குப் போனன்."

"விசர்க்கதை கதையாதையும். ஒருக்காத்தான் அடிச்சது. பிள்ளை நிமிசக் கணக்கா எழுதி வைச்சிருக்கிறாள், பாரும்."

அப்பா பெருமையோடு கொப்பியைக் கொண்டுவந்து விரித்தார். அம்மாவின் விரல் புள்ளிகளின் மேல் வரிவரியாக இறங்கியது. மூன்று முப்பத்தெட்டு, ஒரு வட்டம். அதற்குக் கீழே தாள் தேய்ந்து மெலிந்திருந்த இடத்தில் விரல் நின்றது. அந்த இடத்தை மெல்லத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தம்பியின் கோப்பையைப் பார்த்தேன்.

"ஓம், ஒண்டுதான்," என்றார். "நான்தான் மாறி நினைச்சிருக்கிறன்."

கொப்பியை மூடி என்னிடம் தந்தார். "கவனமா வைச்சிரு பிள்ளை. நல்ல வடிவான எழுத்து."

நான் அவ்வளவு துப்புரவாக அழித்திருக்கிறேன் என்று அன்று எனக்குள் பெருமைப்பட்டேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு, அப்பா உயிரோடிருந்த காலமெல்லாம், விருந்தாட்கள் வந்தால் அவருக்கு அது ஒரு பகிடி. "இவ ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாத மனுசி," என்பார். அம்மா ஒருதரமும் மறுத்ததில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே தலையாட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.