டச்சு வீட்டுச் சிங்கங்கள்

நாய்க்கும் சிங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் நான். வேறு யாராவது வந்து உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. அதுவும் ஓடுகிற நாயா, குரைக்கிற நாயா? சுண்ணாம்பில் செய்து, ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த நாய். ஐந்து வருடம், ஞாயிறு தவறாமல் அண்ணாந்து பார்த்த நாய்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜென்டிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவனுக்குப் போக்கிடம் மூன்று: கோயில், டாக்டர், வாட்ஸ்அப். நான் நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பழைய துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் நடப்பது, பழைய கட்டடங்களைக் காட்டி விளக்கம் சொல்வது, முடிவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பது. டீக்காகத்தான் வருகிறார்கள் என்பது என் மனைவியின் கட்சி.

சரித்திரத்தில் எனக்கு ஒரே ஒரு விதிதான் தெரியும். பழசென்றால் டச்சு. இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல, ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள். காரை உதிர்ந்திருந்தால் டச்சு. தேக்கு உத்தரம் இருந்தால் டச்சு. சுவர் முழங்கை நீளத்துக்குத் தடிமனாக இருந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஜன்னல், மேஜை, அலமாரி, சாவி என்று வார்த்தைகளையெல்லாம் போர்ச்சுக்கீசியரிடம் வாங்கிக்கொண்டோம். கட்டடங்களையாவது டச்சுக்காரனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டாமா? எனக்கு நியாய உணர்வு கொஞ்சம் அதிகம்.

என் நடையின் உச்சம், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கும் ஒரு மாடி வீடு. முகப்பின் உச்சி கோயில் மணியைக் கவிழ்த்து வைத்ததுபோல் வளைந்திருக்கும். அதன் நடுவில் சுண்ணாம்பில் ஒரு பூக்கூடை, அது டச்சு ராஜ முத்திரை. இருபுறமும் இரண்டு டச்சுச் சிங்கங்கள். வலது மூலையில் ஒரு வட்டம், அதற்குள் கிறுக்கல். அது கப்பல்களுக்கு வழிகாட்டும் ரகசியக் குறி. இடது தூண் நடுவில் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். பூமி இறங்கியதால் வந்தது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

ஒரே ஒரு முறை ஒரு டீச்சர் சந்தேகம் கேட்டார். “சார், சிங்கத்துக்குக் காது தொங்குமா?”

“கடற்காற்று, டீச்சர். உப்புக் காற்றில் எத்தனை காலத்துக்குக் காது நிமிர்ந்தே இருக்கும்?” என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டார்.

அந்த வீட்டு மாடியில் தனியாக ஓர் அக்கா இருக்கிறார். பிறந்ததே அந்த வீட்டில்தான். சாயங்காலமானால் மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மீன்காரியிடம் பேரம், டீக்கடைக்காரரிடம் ஊர் விஷயம், ஆட்டோக்காரர்களுக்குப் புத்திமதி எல்லாம் அங்கிருந்தே நடக்கும். போன மாதம் அவர் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, எந்தம்பி கப்பல் வேலைய முடிச்சிட்டு வந்துட்டான். இனி இங்கனதானாம். வந்ததும் வராததுமா முகப்ப இடிச்சு, கீழ நாலு கடை கட்டி ஷட்டர் போடணுங்கான். முகப்பு போனா வராந்தாவும் போவும். நான் எங்க உக்காருவேன், ஷட்டர் மேலயா? நீங்கதான டச்சு வீடு டச்சு வீடுன்னு ஊரெல்லாம் சொல்லுதீங்க. வந்து அவன்ட்ட எடுத்துச் சொல்லுங்க.”

இஸ்திரி போட்ட சட்டையுடன் கிளம்பினேன்.

“ஏங்க, தெரிஞ்சத மட்டும் பேசுங்க” என்றாள் மனைவி.

“அப்ப என்னத்தப் பேச?”

“அதத்தான் சொல்லுதேன்.”

அக்காவின் தம்பிக்கு என் வயதுதான் இருக்கும். மாடியில் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்து, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். உலகத்துத் துறைமுகமெல்லாம் சுற்றிய மனிதர் ஹாலந்துக்கும் போயிருப்பாரே என்பது எனக்கு உறைக்கவில்லை. வளைவைச் சொன்னேன், பூக்கூடையைச் சொன்னேன், ரகசியக் குறியைச் சொன்னேன்.

“முடிஞ்சுதா?” என்றார்.

“இன்னும் சிங்கம் இருக்கு, அண்ணாச்சி.”

“அதையும் சொல்லிரும்.”

சொன்னேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, அக்கா ஊசி நூல் வைத்திருந்த பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். பொத்தான்களை மேஜையில் கொட்டிவிட்டு மூடியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

மூடியில் ஒரு சீமை மாளிகைப் படம். மணி வளைவு. பூக்கூடை. இரண்டு பக்கமும் சடைசடையாகக் காது தொங்கும் இரண்டு நாய்கள்.

“எங்க தாத்தா கொழும்புத் தோணிக்குத் தண்டலு. அவரு சொன்னாத்தான் பாய் ஏறும், இறங்கும். அங்கன இருந்து கொண்டாந்த டப்பா இது. பிஸ்கட்டப் பிள்ளையளுக்குக் கொடுத்துட்டு, டப்பாவக் கொத்தன் கையில கொடுத்து ‘இதே மாதிரி கட்டுலே’ன்னிருக்காரு. அவனும் கட்டிட்டான்.”

“அப்ப அந்த ரகசியக் குறி?”

மூடியின் மூலையில் மங்கிப்போய் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தை விரலால் தட்டினார். “கொழும்புக் கடைக்காரன் ஒட்டுன விலைச்சீட்டு.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லலியே!” என்றார் அக்கா.

“ஒவ்வொரு தடவ லீவுக்கு வாரப்பயும் ஆட்டோக்காரன் ‘டச்சு வீடா அண்ணாச்சி’ங்கான். கடல்ல கிடந்து எங்க தாத்தா சம்பாதிச்ச வீடுவே இது. அவரு பேரச் சொல்ல ஒருத்தன் இல்ல. எவனோ டச்சுக்காரன் வீடு எனக்கு எதுக்கு? இடிச்சுத் தள்ளிட்டுத் தாத்தா பேருல கடை கட்டுதேன்.”

அக்கா பொத்தான்களைப் பொறுக்க ஆரம்பித்தார். அவருடைய நாற்காலியைத் தூக்கப் போவது தம்பியல்ல, என் நாக்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“தப்பு என்னுது அண்ணாச்சி. எனக்கு ஒரு எழவும் தெரியாது. கீழ வாங்க” என்று சொல்லிவிட்டு, டப்பா மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். இஸ்திரி சட்டையோடு நடுத்தெருவில் நின்று, ஐந்து வருடம் வளர்த்த குரலில் கூவினேன்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க! இது டச்சு வீடு இல்ல! தண்டல் தாத்தா வீடு! நான் சொன்னதெல்லாம் புளுகு!”

புளுகு என்றதும் கூட்டம் கூடிவிட்டது. இத்தனை ஞாயிறு உண்மை பேசியதாக நினைத்தபோது இவ்வளவு பேர் வந்ததில்லை. மூடி கைமாறிக் கைமாறிப் போனது. டீக்கடைக்காரர் மூடியையும் முகப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்து, “சிங்கம்னு சொல்லி என்னையக் கும்பிடுல்லா போடச் சொன்னீரு” என்றார். ஆட்டோக்காரர் ஒருவர் மூடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். “அண்ணாச்சி, இங்கன பாருங்க! மூடி இடது பக்கம் நெளிஞ்சிருக்கு. கொத்தன் தூணையும் நெளிச்சுக் கட்டிருக்கான்!”

எல்லோரும் அண்ணாந்தோம். தூண் அதே இடத்தில், அதே அளவுக்கு உள்ளே வாங்கியிருந்தது. அக்காவின் தம்பிக்கே தெரியாத விஷயம் அது. மூடியை வாங்கிப் பார்த்தார், தூணைப் பார்த்தார்.

“நல்லவேள, டப்பா மேல ஈ உக்காரல. அதையும்லா கட்டிருப்பான்” என்றாள் மீன்காரி.

அவ்வளவுதான். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “தாத்தா... தூண நெளிச்சுட்டான் தாத்தா...” என்று யாரிடமோ முறையிடுவதுபோல் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

“ஏலே, மேல வந்து சிரி. தெருவே பாக்குது!” என்று வராந்தாவிலிருந்து கத்திய அக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு, கேளுங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

நான் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரிப்பு அடங்கி அவர் முகத்தைத் துடைக்கும்வரை காத்திருந்தேன்.

“அப்ப முகப்பு நிக்கும்லா, அண்ணாச்சி?”

“நீரு வாய மூடுனா நிக்கும்.”