அனுமதி கேட்கிறவள்

கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் அட்டையைப் பார்க்க மாட்டாள். முதல் தாளைப் புரட்டி, அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நாலு வரியைத்தான் படிப்பாள். உரிமை யாருக்கு, எந்த வருஷம், யார் அச்சடித்தது. அது தெரிந்த பிறகுதான் உள்ளே என்ன கதை என்று கேட்பாள். வீட்டில் கொழுந்தன் செல்போனில் ஏதாவது வேடிக்கையைக் காட்டினால், எல்லோரும் சிரித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, "நல்லாத்தான் இருக்கு. இது யாரோடது?" என்பாள். அவன் அவளுக்குப் 'பர்மிஷன்' என்று பேர் வைத்துவிட்டான்.

"பர்மிஷன் அண்ணி, தும்மல் வருது. தும்மட்டுமா?"

"சொந்தத் தும்மல்னா தும்மிக்கோ."

என் மூத்த அண்ணனின் இரண்டாவது மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் தாய் வழியில் சுற்றிக்கொண்டு வந்தாலும் நான் அவளுக்கு மாமாதான், ஆகவே இருவருக்குமே தப்ப வழியில்லை. சின்ன மாமா என்று கூப்பிடுவாள். கம்ப்யூட்டர் படித்தவள். கூடப் படித்ததுகள் எல்லாம் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள, இவள் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில், படியெடுக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்து அறைக்கு வந்து சேர்ந்தாள். அவள் அம்மாவுக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. "அவ்வளவு படிச்சுட்டு புத்தகத்துக்குக் காவல் காக்கறா" என்று என்னிடமே நாலு தடவை சொல்லியாகிவிட்டது.

காவல்தான், ஒரு விதத்தில். மாணவர்கள் வீட்டிலிருந்தபடி படிக்கும் இணையதளத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று பார்ப்பவள் இவள். பேராசிரியர் ஒருவர் தடிப் புத்தகத்தோடு வந்து நிற்பார். "முழுசாப் போட்டுடும்மா, பிள்ளைங்களுக்குத்தானே?" "ஒரு அத்தியாயம் போடலாம் சார். மீதிக்கு எழுதினவரைக் கேக்கணும்." "அவர் போய்ச் சேர்ந்துட்டாரே." "அப்ப அவங்க வீட்டுல கேக்கணும்."

அப்படிக் கேட்பதற்கென்றே கட்டம் போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள். இறந்துபோன எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். நடுவில் வட்டம், அதிலிருந்து கோடு இழுத்து மனைவி, மக்கள், அண்ணன் தம்பி, தத்துப் போனவர், வெளியூர் போனவர். ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா பொண்ணு பாக்கற?" என்று கேட்டேன். "செத்தவருக்கு வாரிசு பாக்கறேன் சின்ன மாமா" என்றாள். பகல் பதினோரு மணிக்குத்தான் போன் செய்வாள். அப்போதுதான் வீடுகளில் கொஞ்சம் உட்காருவார்களாம். "உங்க தாத்தா ஒரு புத்தகம் எழுதியிருக்காரு, தெரியுங்களா?" என்று ஆரம்பிப்பாள். "அவரா? வீட்டுல வாயே தொறக்க மாட்டாரே" என்று பதில் வரும். கடைசியாக மறக்காமல் ஒன்று கேட்பாள்: "இதைப் பத்தி வேற யார்கிட்டயாவது ஏதாவது சொல்லிட்டுப் போயிருக்காரா?" அந்தக் கேள்வியைக் கேட்காமல் போனை வைக்கக் கூடாது என்பது அவள் தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்குப் போட்ட சட்டம்.

போன வருஷம் அதை அவளே கேட்காமல் வந்துவிட்டாள்.

கட்டடப் பொறியியல் பேராசிரியர் ஒருவர். எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று இருபத்திரண்டு பாடங்களைத் தம் குரலிலேயே பதிவு செய்துவிட்டு இறந்துபோனார். பகலில் வேலைக்குப் போய் மாலையில் படிக்கும் முந்நூற்று நாற்பது பேருக்கு அந்தக் குரல்தான் ஆசிரியர். அவர் மனைவி பதிவைக் கொடுத்து, அழுதுகொண்டே கையெழுத்தும் போட்டார். அழுகிறவரிடம் வேறு யாராவது உண்டா என்று எப்படிக் கேட்பது? இவள் கேட்கவில்லை. பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வக்கீல் கடிதம் வந்தது. பாடங்களைத் தம் தங்கைக்கு உயில் எழுதிவைத்திருக்கிறார் பேராசிரியர். ஏழு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும்.

இவள் ஏழு நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். பல்கலைக்கழகப் பதிவாளர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, ஏழு நாள் டைம் இருக்கில்ல? அதுவரைக்கும் பிள்ளைங்க படிச்சுக்கட்டுமே."

"வேண்டாம்னு அவங்க சொன்னது தெரிஞ்சாச்சு சார். இனி வெச்சிருந்தா, தெரிஞ்சே திருடின மாதிரி."

"பாடம் நடத்தறவருக்குத்தான் சொந்தம்னு கமிட்டில சண்டை போட்டு விதி எழுத வெச்சதே நீதானே? கரும்பலகை உங்களுது, அதுல எழுதினது அவரோடதுன்னு எங்களுக்கே வகுப்பு எடுத்த. இப்ப பாரு."

"ஆமா சார். அந்த விதி எனக்கும்தான்."

அறைக்குத் திரும்பி மாணவர்களுக்கு இரண்டு வரி எழுதினாள். தவறு நூலகத்தினுடையது, கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லை. அன்று வந்த பதில்களை அவள் எனக்குப் படித்துக் காட்டவில்லை. வீட்டில் கொழுந்தன் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை என்றால் நிலைமை என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்குப் போன் செய்தாள். பேர் சொன்னதுமே வைத்துவிட்டார். மூன்றாம் நாள் நேரிலேயே கிளம்பினாள். "கூட வாங்க சின்ன மாமா. வயசானவங்களைப் பாத்தா கதவையாவது திறப்பாங்க" என்றாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

கதவைத் திறந்தவர் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர் வக்கீலா?"

"இல்லம்மா. சின்ன மாமனார்."

"மாமனாரைக் கூட்டிட்டு வந்து மிரட்டற ஆபீசை இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொன்னார்.

இவள் பையைக்கூடத் திறக்கவில்லை. "கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு என்னோடது" என்றாள்.

அந்தம்மாள் ஜன்னலைக் காட்டினார். "முப்பது வருஷம் ஊரார் பேச்செல்லாம் என் காது வழியாத்தான் போச்சு. ஒரு வார்த்தை வெளிய விட்டதில்ல. போன மாசம் துணி காயப் போடறேன், பக்கத்து மாடில எங்கண்ணன் பேசறார். செத்து ஆறு மாசமாச்சு. எவனோ போன்ல வெச்சுக் கேட்டுட்டு இருக்கான். எனக்கு எப்படி இருக்கும், சொல்லு?"

"தப்புதாம்மா" என்றாள் இவள் மறுபடியும்.

"நான் முடியாதுன்னு சொன்னா?"

"எடுத்தது எடுத்ததுதாம்மா. திரும்ப வைக்க மாட்டோம்."

"பரீட்சை எழுதற பிள்ளைங்க?"

"வேற வாத்தியாரைத் தேடிட்டு இருக்கோம். கிடைக்கலன்னா அது எங்க பாடு. உங்க தலைல ஏத்த மாட்டேன்."

கெஞ்ச வேண்டிய இடத்தில் இப்படியா பேசுவாள்? நான் வாயெடுப்பதற்குள் அந்தம்மாள் எழுந்து உள்ளே போய் மூன்று டம்ளர் டீயோடு வந்தார்.

"இந்த நாற்காலில உக்காந்துதான் பேசினார். அவங்க வீட்டுக்குக் கீழ பட்டறை, ஒரே சத்தம். அதனால இங்க வருவார். மிஷினை அமுக்கினது நான்தான். பதினாலாவது பாடத்துல நடுவுல தண்ணி கேப்பார். நான் எழுந்து போய்க் கொண்டாந்து குடுத்தேன். அன்னைக்குப் பக்கத்து மாடில ஓடினப்ப அது இல்லயே?"

"நான்தாம்மா வெட்டினேன். இடைஞ்சல்னு நினைச்சேன்."

"ஒன்றரை நிமிஷம். இருபத்திரண்டு பாடத்துல நான் இருக்கறது அந்த ஒன்றரை நிமிஷம்தான். அதைத் திரும்ப வெச்சிடு. கையெழுத்துப் போடறேன்."

இவள் படிவத்தை எடுத்தாள். நீட்டினாளா என்றால் இல்லை. ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வரியை மட்டும் இரண்டு தடவை. பிறகு, "இதைப் பத்தி வேற யார்கிட்டயாவது ஏதாவது சொல்லிட்டுப் போயிருக்காராம்மா?" என்று கேட்டாள்.

"வேற யார்கிட்டயும் இல்ல. போதும் குடு. மனசு மாறறதுக்குள்ள போட்டுடறேன்" என்றார் அந்தம்மாள்.

திரும்பும் வழியில் பஸ் நூலக வாசலிலேயே நின்றது. எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். மற்ற இருபத்தொன்றையும் ஒவ்வொன்றாக ஏற்றினாள். திரையின் ஓரத்தில் 'வந்துடுச்சு', 'வந்துடுச்சு' என்று மாணவர்கள் எழுதுவது ஓடிக்கொண்டே இருந்தது. பதிவாளர் எட்டிப் பார்த்து, திரையில் ஓடுவதைப் படித்துவிட்டுப் போனார். கடைசியில், வெட்டாத பழைய பதிவிலிருந்து பதினாலாவதை எடுத்தாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

ஈர மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்த குரல் இருமியது. "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றது. நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் தள்ளிப் போய் நின்றது. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும் வரை அசையாமல் காத்திருந்தாள்.