சுரங்கத்தில் கல் சுமந்தவள்

என் நாவலின் நாயகிக்குப் பதினேழு வயது. வெள்ளைக்காரன் காலத்தில் செங்கோட்டைக்கு மேற்கே மலையைக் குடைந்து ரயில்பாதை போட்டபோது கல் சுமந்தவள். தபால் ஆபீஸ் வேலை முடிந்து வந்து, நான்கு வருடமாக அவளைப் பற்றி நோட்டில் எழுதினேன். கங்காணி அடிப்பான், மலை சரியும், காய்ச்சல் வரும், ஊர் பழி பேசும். எல்லாவற்றையும் வாய் திறக்காமல் தாங்குவாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

தென்காசியில் டைப் அடிக்கிற கடை ஒன்றில் நோட்டுகளைக் கொடுத்தேன். அங்கே வேலை பார்த்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிய ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தால், ஏழாம் அத்தியாயத்தோடு நிறுத்தியிருந்தாள்.

“என்னம்மா, எழுத்து புரியலையா?”

“புரியுதுக்கா. ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியளே? எல்லாரும் இவகூட சண்டை போடுதாவ. இவளுக்குள்ள ஒரு சண்டையும் இல்லியே.”

எனக்குச் சுருக்கென்றது. “கல்லு சுமக்கவளுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்?” என்றேன்.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “எங்கம்மா இடுப்பொடிஞ்சு படுத்து ரெண்டு வருசமாவுது. காலைல எல்லாம் செஞ்சு வச்சிட்டு, பக்கத்து வீட்டு மயினிட்ட சொல்லிட்டு பஸ் ஏறுதேன். பஸ் கெளம்புனதும் அப்படி ஒரு சந்தோசம் வருதுக்கா. அடுத்த ஸ்டாப்புக்குள்ள, நீயெல்லாம் ஒரு மகளான்னும் தோணுது. தெனமும் இதான்.”

நோட்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழாம் அத்தியாயத்தை மறுபடி எழுத ஒரு மாதம் ஆனது. மழையால் வேலை நின்று எல்லாரும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். என் நாயகி மட்டும், ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயிடம் போக மனமில்லாமல் குடிசையில் உட்கார்ந்து பாடுகிறாள். பாதிப் பாட்டில் அழுகை வந்துவிடுகிறது.

அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, “உன் கதையத்தான் எடுத்திருக்கேன். வேண்டாம்னா கிழிச்சிருதேன்” என்றேன். வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

திங்கட்கிழமை போன் வந்தது. “அம்மாட்ட வாசிச்சுக் காட்டுனேன்க்கா.”

“அய்யோ! என்ன சொன்னாவ?”

“‘ஏட்டி, நீ பஸ் ஏறுனதும் நானும் டிவிய சத்தமா வச்சிட்டு நிம்மதியாத்தான் கெடக்கேன்’னா. ரெண்டு பேரும் சிரிச்சு முடியல.”

அன்று மாலையே எட்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் நாவலில் அந்தத் தாய் அதுவரை ஒரு வரிகூடப் பேசியிருக்கவில்லை.